புள்ளிக் கணக்கும் குடிபெயர்வும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்திலிருந்து ஒரு நோக்கு

தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைவழிகளில் நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகள் இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களை நோக்கி ஏறிச் செல்கின்றன. அவற்றில் செல்லும் தொழிலாளரிடம் வயதென்ன, படிப்பென்ன, எந்த மொழியில் எழுதத் தெரியும் என்று எவரும் கேட்பதில்லை. நாட்டின் எப்பகுதிக்கும் செல்லவும் அங்கு வாழவும் குடிமக்களுக்குள்ள உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு உறுதி செய்கிறது. அதே இடுக்கியிலிருந்து கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடியேற விரும்பும் செவிலியரின் நிலை வேறு. அவருடைய வயது, கல்வி, அனுபவம், மொழியறிவு ஆகிய ஒவ்வொன்றும் தராசில் இடப்பட்டு எண்ணாக மாற்றப்படுகின்றன. இத்தராசு எதை எடை போடுகிறது, எதைப் போடுவதில்லை என்பதை ஆராய்வது பயனுடையது.

முறையின் தோற்றம்

குடியேற விரும்புவோரைப் புள்ளிகளால் தேர்ந்தெடுக்கும் முறையை 1967இல் கனடா தொடங்கிற்று. அதுவரை விண்ணப்பதாரர் எந்நாட்டினர், எவ்வினத்தவர் என்பதே பெரிதும் முடிவு செய்யும் கூறாக இருந்தது. ஆஸ்திரேலியா வெள்ளையர்க்கே முதலிடம் என்ற கொள்கையை 1973இல் கைவிட்டது; 1979இல் புள்ளி முறையை மேற்கொண்டது. பின்னர் நியூசிலாந்தும் பிரிட்டனும் இவ்வழியில் வந்தன. ஜெர்மனி 2024 ஜூன் முதல் ஆறு புள்ளிகள் பெறுவோர் வேலை தேடி வருவதற்கென வாய்ப்பு அட்டை வழங்குகிறது. பிறப்பைக் கேட்ட இடத்தில் தகுதியைக் கேட்கத் தொடங்கியது சிறிய மாற்றமன்று. இன்று கேரளத்தவரும் தமிழரும் கனடிய நகரங்களில் பெருந்தொகையினராய் வாழ்வதற்கு அம்மாற்றமும் ஒரு காரணம்.

இடுக்கிக்கும் கனடாவுக்கும் உள்ள தொடர்பு இதனினும் சுவையானது. 1969இல் பணி தொடங்கி 1976இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய இடுக்கி நீர்மின் திட்டம் கனடாவின் கடனுதவியாலும் பொறியியல் ஆலோசனையாலும் உருவானது. அன்று அங்கிருந்து மூலதனமும் தொழில்நுட்பமும் இங்கு வந்தன. இன்று இங்கிருந்து பயிற்சி பெற்ற கைகள் அங்குச் செல்கின்றன.

கணக்கு நடக்கும் விதம்

கனடாவின் கூட்டாட்சித் திறன்பெற்ற தொழிலாளர் பிரிவில் மொத்தப் புள்ளிகள் 100. தகுதி பெற 67 வேண்டும். மொழிக்கு 28, கல்விக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, உறுதி செய்யப்பட்ட வேலைக்கு 10, அந்நாட்டில் இணங்கி வாழும் வாய்ப்புக்கு 10 என இவை பகுக்கப்பட்டுள்ளன.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். கட்டப்பனையைச் சேர்ந்த 28 வயதுச் செவிலியர் ஒருவர் பி.எஸ்சி. பட்டமும் நான்காண்டு மருத்துவமனை அனுபவமும் உடையவர். அங்கு வேலையோ உறவினரோ இல்லாதவர். வயதுக்கு 12, பட்டத்துக்கு 21, அனுபவத்துக்கு 13 ஆக 46 புள்ளிகள் கிடைக்கின்றன. ஆங்கிலத் தேர்வாகிய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கிலும் 6 பெற்றால் மொழிக்கு 16 சேரும். மொத்தம் 62, தகுதியில்லை. கேட்டலில் 8உம் ஏனைய மூன்றில் 7உம் பெற்றால் மொழிக்கு 24 சேரும். மொத்தம் 70, தகுதியுண்டு. நோயாளியைப் பேணும் திறனில் இவ்விருவருக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை. வாயிலைத் திறப்பதும் மூடுவதும் ஆங்கிலமே.

வயதும் தன் பங்குக்குக் குறைத்துக்கொண்டே வருகிறது. 35 வயதைக் கடந்தபின் ஆண்டுக்கு ஒரு புள்ளி கழியும். 47இல் ஒன்றும் மிஞ்சாது. அனுபவமோ ஆறாண்டோடு உச்சம் பெற்றுவிடும். இருபதாண்டு உழைத்தவரின் கைத்தேர்ச்சிக்கு இக்கணக்கில் இடமில்லை.

மேலும், 67 புள்ளிகள் என்பது வாயிற்படியே. 2015 ஜனவரி முதல் விண்ணப்பதாரர் அனைவரும் 1,200 புள்ளிகள் கொண்ட வேறொரு பட்டியலில் வரிசைப்படுத்தப்பட்டு, மேலே உள்ளோர் மட்டுமே அழைக்கப்படுகின்றனர். 2023 முதல் மருத்துவப் பணி, கைத்தொழில், பிரெஞ்சு மொழியறிவு முதலிய பிரிவுகளுக்கெனத் தனி அழைப்புகள் விடப்படுகின்றன. இப்பட்டியலில் வேலை உறுதிக்குத் தரப்பட்டுவந்த கூடுதல் புள்ளிகள் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன. சென்ற ஆண்டின் விதியை நம்பி நிலத்தை அடமானம் வைத்த குடும்பத்துக்கு இவ்வாண்டின் விதி பொருந்தாது போகலாம். இதற்கெல்லாம் அப்பால், செவிலியராகப் பணியாற்ற அந்தந்த மாகாணத்தின் பதிவும் வேண்டும். புள்ளி பெற்றுச் சென்றும் பதிவு கிட்டாமல் வேறு வேலை பார்ப்போர் உளர்.

யார் தேறுகின்றனர்?

பாலக்காட்டுக்கு இவ்வகைத் தேர்வு புதிதன்று. அங்குள்ள அக்கிரகாரங்களிலிருந்து ஆங்கிலக் கல்வியும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற தலைமுறைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்றன. புள்ளிப் பட்டியல் இல்லாவிடினும் கணக்கு ஏறத்தாழ இதுவேதான்; மொழி கற்க வசதி பெற்றவர் முன்னே சென்றனர். இன்றும் சித்தூர் வட்டத்திலும் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் வழியில் பயிலும் மாணவர் உள்ளனர். தோட்டத் தொழிலாளியின் மகள் வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி வளர்கிறாள். இரு மொழிகளிலும் சரளமாக உரையாடும் அவளுக்கு அவற்றுக்காக ஒரு புள்ளியும் இல்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தில் தேறிய வெல்டரின் நிலை இன்னும் கடினம். மொழியின் குறைந்தபட்ச அளவை எட்டாவிடில் ஏனைய புள்ளிகள் எண்ணப்படுவதேயில்லை. கனடாவே இக்குறையை உணர்ந்து 2013இல் கைத்தொழிலாளருக்கெனத் தாழ்ந்த மொழி அளவுடன் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஏலத்தோட்டத்தில் பழுத்த காயை மட்டும் இனங்கண்டு, சரத்துக்கு ஊறின்றிப் பறிக்கும் பெண்ணின் தேர்ச்சியோ எந்நாட்டுப் பட்டியலிலும் திறன் எனப் பெயர் பெறவில்லை. அவளின்றி ஓர் அறுவடைச் சுற்றும் நடவாது என்பதைத் தோட்ட உரிமையாளர் நன்கறிவர்.

ஆதாயமும் இழப்பும்

2023ஆம் ஆண்டுக் கேரளக் குடிபெயர்வு ஆய்வின்படி வெளிநாடுகளில் வாழும் கேரளத்தவர் ஏறத்தாழ 22 லட்சம் பேர். அவர்கள் ஓராண்டில் அனுப்பிய தொகை ஏறத்தாழ 2.16 லட்சம் கோடி ரூபாய். வளைகுடா நாடுகளின் பங்கு குறைந்துவருவதையும், மாணவராகச் செல்வோர் சுமார் இரண்டரை லட்சமாகப் பெருகியிருப்பதையும் அவ்வாய்வு காட்டுகிறது. இவ்வேறுபாடு கருதத்தக்கது. வளைகுடா சென்றவர் குடும்பத்தை ஊரில் விட்டுச் சென்றார், பணம் அனுப்பினார், ஒருநாள் திரும்பினார். புள்ளி முறையில் செல்பவர் மனைவி மக்களுடன் நிலையாகத் தங்கச் செல்கிறார். வீடும் அங்கேயே வாங்குகிறார். பயிற்சிச் செலவு இங்கு, வரி வருவாய் அங்கு. ஆகவே அன்னியச் செலாவணி வரவை மட்டும் கொண்டு இக்குடிபெயர்வை மதிப்பிடுவது பொருந்தாது.

இடுக்கியின் மக்கள்தொகை 2001இல் 11.29 லட்சமாக இருந்து 2011இல் 11.08 லட்சமாகக் குறைந்தது. பிறப்பு விகிதச் சரிவோடு வெளியேற்றமும் இதற்குக் காரணமாகும். வெற்றிடத்தை நிரப்பத் தேனியிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். ரிசர்வ் வங்கியின் கணக்கில் 2022-23இல் ஊரக வேளாண் தொழிலாளியின் சராசரி நாட்கூலி நாட்டளவில் 346 ரூபாய். கேரளத்தில் 764 ரூபாய். மேலே ஒருவர் நகர, கீழே ஒருவர் அவ்விடத்துக்கு வருகிறார். சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய ஊரில் முதியோரும் சிறாரும் எஞ்சுகின்றனர்.

செய்யத்தக்கவை

குடிபெயர்வைத் தடுப்பது இயலாது, விரும்பத்தக்கதுமன்று. ஆனால் வாய்ப்பு பரவலாக வேண்டும். தனியார் பயிற்சிக் கட்டணம் செலுத்த இயலாதோருக்காக, எல்லைப்புறத் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் செவிலியர் கல்லூரிகளிலும் அயல்மொழித் தேர்வுப் பயிற்சியைப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைக்கலாம். தமிழ் வழி மாணவருக்கு இதனைப் பள்ளியிறுதியிலேயே தொடங்குதல் நலம்.

கேரள அரசு 1977இல் நிறுவிய ஒடெபெக் நிறுவனமும் நோர்க்கா ரூட்ஸ் அமைப்பும், சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள்சேர்ப்பில் அனுபவம் உள்ளவை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள்சேர்க்கும் முகவரை நோக்கி இயற்றப்பட்டது. புள்ளி கணக்கிட்டு விண்ணப்பம் நிரப்பித் தருவதாகக் கூறிப் பெருந்தொகை கேட்கும் ஆலோசகர்கள் அன்று இல்லை. விண்ணப்பத்தை இணையவழியில் ஒருவர் தாமே செலுத்தலாம்; முகவர் கட்டாயமில்லை. இவ்வுண்மையையும் அவ்வப்போதைய விதிகளையும் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு மூணாறு, நெடுங்கண்டம், சித்தூர், வாளையாறு ஆகிய இடங்களின் ஊராட்சி அலுவலகங்களில் வைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதனை உடனே தொடங்கலாம்.