ஷெல் அறிந்ததைப் பைதான் அறியுமா?

ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் அலைவு நேரத்தைக் கணக்கிடப் பைதான் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புவியில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.8, விடை 2.01 நொடி. நிலவில் 1.62, விடை 4.94 நொடி. இடம் மாறுந்தோறும் நிரலைத் திருத்தாமல், முடுக்கத்தை வெளியிலிருந்தே கொடுக்க இயலுமா? இயலும். சூழல் மாறிகள் இதற்கெனவே உள்ளன.

நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை ஏற்று நடத்தும் நிரலே ஷெல். லினக்ஸ், மாக் கணினிகளில் அதனிடம் 'ஜி=1.62' என்று ஆங்கில எழுத்தில் கொடுக்கிறோம். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடலாகாது. விட்டால், ஜி என்றொரு கட்டளை உண்டோ என ஷெல் தேடப் புறப்பட்டுவிடும்!

இனி நிரலுக்கு வருவோம். பைதானின் 'ஓஎஸ்' தொகுதியில் 'என்விரான்' என்று ஓர் அகராதி உண்டு. மாறியின் பெயரைச் சொன்னால் மதிப்பைத் தரும். இல்லாத பெயரைக் கேட்டால் பிழை காட்டி நின்றுவிடும். 'கெட்' என்னும் முறையைக் கையாண்டால், "ஜி இல்லையேல் 9.8 எனக் கொள்க" என்றும் சொல்லி வைக்கலாம். அவ்வாறே எழுதி இயக்குகிறோம். விடை 2.01! நிலவின் மதிப்பு எங்கே போயிற்று?

ஷெல் ஒரு நிரலைத் தொடங்கும்போது புதிய செயல்முறை ஒன்று பிறக்கிறது. தாய் தன்னிடமுள்ள மாறிகள் அனைத்தையும் சேய்க்குக் கொடுப்பதில்லை. 'எக்ஸ்போர்ட்' என்று குறிக்கப்பட்டவற்றின் படியை மட்டுமே கொடுக்கிறது. 1979-இல் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல்லுடன் வந்த ஏற்பாடு இது. நாம் குறிக்காததால் ஜி போய்ச் சேரவில்லை. நிரலும் ஓசையின்றி 9.8-ஐ எடுத்துக்கொண்டது. விடையை நம்பி மேலே செல்ல வேண்டிய கணக்குகளில், மாற்று மதிப்பே வைக்காமல் நிரலை நின்றுவிடச் செய்வதே மேல் என்பேன்.

'எக்ஸ்போர்ட் ஜி=1.62' என்று கொடுத்து மீண்டும் இயக்குங்கள். இப்போது வந்து சேர்வது எண்ணன்று. நான்கு குறிகள் கொண்ட எழுத்துச் சரம். அதை இரண்டால் பெருக்கினால் 3.24 வராது, '1.621.62' என்று வரும்! 'ஃப்ளோட்' கொண்டு எண்ணாக மாற்றிய பின்பே கணக்கிட வேண்டும். காற்றுத்தடை வேண்டாம் என்பதற்காக 0 என்று அனுப்பி, அதை அப்படியே 'இஃப்' கொண்டு சோதித்தால், பைதான் "தடை உண்டு" என்றே கொள்ளும். சரங்களில் வெற்றுச் சரம் மட்டுமே அதற்குப் பொய்.

சேய்க்குக் கிடைப்பது படிதான் என்றோமல்லவா? நிரலினுள்ளேயே என்விரானில் ஜியைச் செவ்வாய்க்குரிய 3.71 ஆக மாற்றுங்கள். நிரல் முடிந்த பின் ஷெல்லிடம் ஜியின் மதிப்பைக் கேளுங்கள். அது 1.62 என்றே சொல்லும்.