ஒரு படுக்கையறை அடுக்குமாடி வீடு: வாங்குமுன் வாசித்தறிய வேண்டியவை

பரமட்டா நகர மையத்தில் விற்பனைக்கு வரும் ஒரு படுக்கையறை வீடுகளின் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில் அமைகின்றன: வெளிச்சம் நிறைந்த கூடம், ஆற்றைப் பார்த்த பால்கனி, தொடருந்து நிலையத்துக்கு நடைதூரம். இவை அனைத்தும் உண்மையாகவே இருக்கலாம். எனினும் வாங்குபவர் பணம் கொடுத்துப் பெறுவது அந்த அறைகளை மட்டுமன்று. முழுக் கட்டடத்தின் நன்மை தீமைகளிலும் ஒரு பங்கு அவரைச் சேர்கிறது. அந்தப் பங்கு எத்தகையது என்பதை விளம்பரம் சொல்வதில்லை, ஆவணங்களே சொல்கின்றன.

எது தனியுரிமை, எது பொதுச் சொத்து

வளவும் வேலியும் கொண்ட காணியையே சொந்த வீடு எனக் கண்டு பழகியவர்களுக்கு ஸ்ட்ராட்டா முறை புதிதாகத் தோன்றலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இம்முறை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அறிமுகமானது. இன்று அதன் நிர்வாகத்தை நெறிப்படுத்துவது 2015ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம். இம்முறையில் ஒருவருக்குத் தனியுரிமையாவது, பொதுவாகச் சுவர்களுக்கு இடைப்பட்ட உட்புறப் பகுதியே. வெளிச்சுவர், கூரை, மின்தூக்கி, படிக்கட்டு, நடைபாதை முதலியவை பொதுச் சொத்து. துல்லியமான எல்லையை ஸ்ட்ராட்டா வரைபடம் காட்டும். வீட்டை வாங்கியவர் உரிமையாளர் கூட்டமைப்பின் உறுப்பினராகத் தாமாகவே ஆகிறார். வீட்டை வைத்துக்கொண்டு அதிலிருந்து விலக இயலாது.

இதன் விளைவு அன்றாட வாழ்வில் தெரியும். உட்சுவருக்கு வண்ணம் பூசவும், படம் மாட்ட ஆணி அடிக்கவும் எவரது அனுமதியும் தேவையில்லை. தரைவிரிப்பை அகற்றி மரத்தளம் இடக் கூட்டமைப்பின் ஒப்புதல் வேண்டும். குளியலறையின் நீர்க்காப்பைத் தொடும் வேலைக்குச் சிறப்புத் தீர்மானமே தேவைப்படும். வாகனம் நிறுத்துதல், ஒலி, வளர்ப்புப் பிராணிகள் முதலியவற்றை ஒவ்வொரு கட்டடத்தின் துணைவிதிகளும் வரையறுக்கின்றன. எனினும் 2021 முதல், நியாயமான காரணமின்றி வளர்ப்புப் பிராணியைத் தடைசெய்யும் துணைவிதி செல்லாது.

குறைந்த கட்டணம் எப்போதும் நற்செய்தியன்று

ஸ்ட்ராட்டா கட்டணம் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறவிடப்படுகிறது. அதில் ஒரு பகுதி காப்புறுதி, துப்புரவு, மின்சாரம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கான நிர்வாக நிதிக்குச் செல்லும். மற்றொரு பகுதி, கூரை, மின்தூக்கி, வெளிப்பூச்சு போன்ற பெரும்பணிகளுக்கான மூலதனப் பணி நிதிக்குச் செல்லும். இரண்டாவது நிதிக்குப் பத்தாண்டுத் திட்டம் ஒன்று இருக்க வேண்டுமெனச் சட்டம் கூறுகிறது.

கட்டணம் மிகக் குறைவாக இருப்பின், அது சிக்கனத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். செய்ய வேண்டிய பராமரிப்பைத் தள்ளிப்போட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். நிதியில் போதிய பணமில்லாதபோது கூட்டமைப்பு சிறப்புக் கட்டணம் விதிக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டின் பங்குரிமை ஆயிரத்தில் 12 என்று கொள்வோம். கட்டடத்தின் திருத்தச் செலவு 500,000 டொலர் எனில், அவ்வீட்டின் உரிமையாளர் செலுத்த வேண்டியது 6,000 டொலர். முந்தைய உரிமையாளர் செலுத்தாமல் விட்ட நிலுவைக்கும் புதியவர் பொறுப்பாக நேரிடும். ஆகவே, நிலுவை விவரங்களைக் காட்டும் 184ஆம் பிரிவுச் சான்றிதழைப் பெறுவது இன்றியமையாதது.

கூட்டமைப்பின் பதிவேடுகளைக் கட்டணம் செலுத்திப் பார்வையிட 182ஆம் பிரிவு இடமளிக்கிறது. இப்பணியைச் செய்து அறிக்கை தரும் நிறுவனங்களும் உள்ளன. கடந்த சில ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளில் நீர்க்கசிவு, விரிசல், தீப்பாதுகாப்பு, வழக்கு ஆகியவை இடம்பெறுகின்றனவா என நோக்க வேண்டும். ஒரே கசிவு ஆண்டுதோறும் பேசப்பட்டும் சரிசெய்யப்படாதிருந்தால், அது பின்னொரு நாள் புதிய உரிமையாளரின் செலவாக வந்து நிற்கும்.

இந்த எச்சரிக்கை வெறும் கற்பனையன்று. சிட்னி ஒலிம்பிக் பூங்காவிலுள்ள ஓப்பல் டவர் கட்டடத்தில் விரிசல்கள் தோன்றியதால் 2018 டிசம்பர் 24 அன்று குடியிருப்பாளர்கள் வெளியேற்றப்பட்டனர். 2008இல் கட்டி முடிக்கப்பட்ட மஸ்கொட் டவர்ஸ் கட்டடத்திலிருந்து 2019 ஜூன் மாதத்தில் அனைவரும் வெளியேற நேர்ந்தது. சட்டபூர்வ உத்தரவாதம் பெருங்குறைகளுக்கு ஆறு ஆண்டுகளும் ஏனையவற்றுக்கு இரண்டு ஆண்டுகளுமே நீடிக்கும். மஸ்கொட்டில் அக்காலம் முன்னரே கடந்துவிட்டதால் பெருஞ்சுமை உரிமையாளர்கள் மீதே விழுந்தது. குடியிருக்க இயலாத வீட்டுக்கும் வங்கிக் கடனைக் கட்ட வேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது.

அளவும் வெயிலும்

மாநிலத்தின் அடுக்குமாடி வடிவமைப்பு வழிகாட்டி ஒரு படுக்கையறை வீட்டுக்கு 50 சதுர மீட்டர் உட்பரப்பையும் 8 சதுர மீட்டர் பால்கனியையும் குறைந்தபட்ச அளவாகக் குறிப்பிடுகிறது. பழைய கட்டடங்களில் இதனினும் சிறிய வீடுகள் உண்டு. மிகச் சிறிய வீடுகளுக்குச் சில வங்கிகள் கடன் தரத் தயங்கும். விளம்பரத்தில் உள்ள பரப்பு பால்கனியையும் வாகனத் தரிப்பிடத்தையும் சேர்த்ததா எனக் கேட்டறிய வேண்டும்.

திசையைக் கணிப்பதிலும் கவனம் தேவை. தென் கோளத்தில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் வடக்குப் பார்த்த கூடம் கதகதப்பாக இருக்கும். தெற்கு மட்டும் பார்த்த வீட்டில் நேர்வெயில் அரிது. ஈரமும் பூஞ்சணமும் தங்க வாய்ப்பு அதிகம். கோடையில் பார்வையிட்ட வீட்டை ஜூன் மாதத்து வெயிலோடு கற்பனை செய்து பார்ப்பது நன்று.

சுற்றுப்புறத்தை நடந்தறிதல்

பரமட்டாவில் வாகனமின்றி வாழ்தல் பலருக்கு இயலும். தொடருந்தும் ஆற்றுப் படகும் நகரத்தைச் சிட்னியுடன் இணைக்கின்றன. வெஸ்ட்மீட் முதல் கார்லிங்ஃபோர்ட் வரையிலான 12 கிலோமீட்டர் இலகு தொடருந்துப் பாதை 2024 டிசம்பர் 20 அன்று திறக்கப்பட்டது. இதனால் மருத்துவமனை வளாகத்தில் பணிபுரிவோர்க்குப் பயணம் எளிதாகியுள்ளது. சிட்னி மெட்ரோ மேற்குப் பாதையை 2032இல் திறக்கத் திட்டமிடப்பட்டுள்ளது. அதுவரை அதன் பணித்தளங்களுக்கு அருகில் ஒலியும் போக்குவரத்து மாற்றங்களும் இருக்கக்கூடும்.

வீட்டைப் பார்வையிடும் நேரம் பெரும்பாலும் சனிக்கிழமை முற்பகல். அதே தெருவை வெள்ளி இரவிலும் வார நாள் காலையிலும் நடந்து பார்க்க வேண்டும். சர்ச் வீதி உணவகங்களின் அருகாமை சிலருக்கு வசதி, சிலருக்கு உறக்கக் கேடு. விளையாட்டரங்கில் போட்டி நடைபெறும் நாள்களில் தெருக்கள் வேறு முகம் காட்டும். புதிய அடுக்குமாடிகளில் வாழ்வோர்க்குத் தெருவோர நிறுத்த அனுமதி கிடைக்காத இடங்கள் பல. வாகனம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

ஆற்றங்கரைக் காட்சிக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பரமட்டா ஆறு பெருமழையில் கரைபுரளும். விற்பனை ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட வேண்டிய 10.7 திட்டமிடல் சான்றிதழில் வெள்ளம் தொடர்பான கட்டுப்பாடுகள் குறிக்கப்பட்டிருக்கும். அச்சான்றிதழை நகரசபை வழங்குகிறது.

கையொப்பத்துக்கு முன்

தனிப்பட்ட பேச்சுவார்த்தையில் வாங்கும்போது, ஒப்பந்தம் பரிமாறப்பட்ட பின் ஐந்து வேலை நாள்கள் மறுபரிசீலனைக் காலமாக உண்டு. அதற்குள் விலகினால் விலையில் 0.25 விழுக்காட்டை இழக்க நேரும். 600,000 டொலர் விலைக்கு இது 1,500 டொலர். ஏலத்தில் வாங்கினாலோ 66W சான்றிதழ் கொடுத்தாலோ இக்காலம் இல்லை. அதன்பின் விலகுவோர் வழக்கமான 10 விழுக்காட்டு முற்பணத்தையே, அதாவது 60,000 டொலரை, இழக்கலாம். எனவே 66W சான்றிதழைத் தருவதன் விளைவைச் சட்டத்தரணியிடம் தெளிவாகக் கேட்டறிந்த பின்னரே இசைய வேண்டும். ஏலத்துக்குச் செல்வோர், ஏல நாளுக்கு முன்பே எல்லாச் சோதனைகளையும் முடித்திருக்க வேண்டும்.

முதல் வீடு வாங்கும் தகுதியுடையோர்க்கு 800,000 டொலர் வரையிலான விலைக்கு முத்திரை வரி முழுவதும் விலக்கப்படுகிறது. வீட்டைப் பெற்ற 12 மாதங்களுக்குள் குடியேறித் தொடர்ந்து 12 மாதங்கள் வாழ்வது அதன் நிபந்தனை.

ஆங்கில ஒப்பந்தத்தின் பொருளை உறவினரோ நண்பரோ சுருக்கிச் சொல்லக் கேட்டுக் கையொப்பமிடுவது இடர்மிக்கது. சட்டத்தின் முன் நிற்பது ஆங்கில வாசகமே. விற்பனையாளரின் முகவர் விற்பனையாளருக்காகவே செயற்படுகிறார் என்பதையும் மறத்தலாகாது. இலவசச் சட்டத் தகவலுக்கு லோ அக்சஸ் சேவையை 1300 888 529 என்ற எண்ணில் நாடலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவைப்படின், முதலில் 131 450 என்ற எண்ணை அழைத்து, “தமிழ்” என்று கூறி, பேச விரும்பும் அலுவலகத்தைத் தெரிவிக்க வேண்டும்.