குழாய் நுனியில் பதினைந்து விநாடி

மருத்துவ மாணவன் எழுதும் கட்டுரை என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்! தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்ற தமிழைக் கொண்டு, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பயிற்சியின்போது தெரிந்துகொண்ட ஒன்றை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

அங்குள்ள பல பிள்ளைகளுக்குக் கழுத்து அல்லது தொடை வழியாகப் பெரிய இரத்தநாளம் வரை மெல்லிய குழாய் ஒன்று செலுத்தப்பட்டிருக்கும். மருந்தும் ஊட்டச்சத்தும் அதன் வழியாகவே செல்லும். பிள்ளையைக் காப்பாற்றும் அதே குழாய்தான் கிருமிக்கும் வழி. நம் தோலில் சாதாரணமாக வாழும் கிருமிகூட அதன் வழியே இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

பெரியவர்கள் விஷயத்தில், குழாய் போடும் நேரத்துச் சுத்தமே முக்கியமாகப் பேசப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதைக் கடைப்பிடித்து, இவ்வகைத் தொற்றை 66 விழுக்காடு வரை குறைத்தன. இது 2006-இல் வெளிவந்த ஆய்வு. குழந்தைகளுக்கும் அதுவே போதுமா? போதாது என்கிறது 2010-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு. அமெரிக்காவிலுள்ள 29 குழந்தைகள் பிரிவுகளில், குழாய் இருந்த ஒவ்வோர் 1000 நாளுக்கும் 5.4 ஆக இருந்த தொற்று 3.1 ஆகக் குறைந்தது. ஆனால் போடும்போது காட்டும் கவனம் மட்டும் பலன் தரவில்லை. போட்ட பிறகு அன்றாடம் பராமரிப்பதே பெரிய காரணம் எனக் கண்டார்கள்.

ஏன்? பிள்ளைகளின் நரம்பு சிறியது, கிடைப்பது அரிது. ஆகவே இரத்தம் எடுப்பதற்கும் பெரும்பாலும் இந்தக் குழாயையே திறக்கிறோம். திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு.

எனவே ஒவ்வொரு முறையும் குழாயின் நுனியை ஆல்கஹால் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட வேண்டும். எளிதுதானே? இயந்திரம் அலறும்போது நின்று பாருங்கள், 15 விநாடி எவ்வளவு நீளம் என்பது தெரியும்! நான் ‘அ’ முதல் ‘ஔ’ வரை மனத்துக்குள் நிதானமாகச் சொல்லிக்கொள்வேன். குழாயை மூடிய ஒட்டுத்துணி ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். “இக்குழாய் இன்றும் தேவையா?” என்று தினமும் கேட்க வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்த கையோடு, அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். “கை!” என்று மலாயில் அதட்டினார் மிஸ்ஸி. அப்பிள்ளையின் தாயார் தமிழர். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

மறுநாள் நான் அருகே போகும் முன்பே அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “தம்பி, கோவிச்சுக்காதீங்க, கை கழுவிட்டீங்களா?”

“கழுவிட்டேன் அக்கா” என்றேன். சொல்லிவிட்டு, அவர் பார்க்க இன்னொரு முறை சானிடைசரை எடுத்துத் தேய்த்துக்கொண்டேன்.