கழிமுகச் சேறு கூறும் சான்று

கோடைக்கானலுக்கு மேற்கே, பழனிமலைத் தொடரின் உயர்ந்த பகுதியில் பூண்டி என்னும் சிற்றூர் உள்ளது. உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் விளையும் படிக்கட்டு நிலங்கள் ஒருபால். சோலைக்காடுகளும் புல்வெளிகளும் ஒருபால். மழைக்காலத்தில் இம்மலைப் பகுதியின் உதிர்ந்த இலையும் மக்கிய வேரும் மண்ணோடு கலந்து ஓடைகளில் இறங்குகின்றன. பழனிமலையின் வடசரிவில் தோன்றும் ஓடைகள் பல அமராவதியை அடைகின்றன. அமராவதி கரூருக்கு அப்பால் காவிரியிற் கலக்கின்றது. காவிரியோ முக்கொம்பில் கொள்ளிடம் என்னும் கிளையைப் பிரித்துவிட்டு, வங்கக் கடலை நோக்கிச் செல்கின்றது.

இடையிடையே அணைகள் குறுக்கிடுவதால், மலைமண்ணிற் பெரும்பகுதி வழியிலேயே தங்கிவிடும். எஞ்சிய நுண்துகள் வெள்ளத்தோடு கழிமுகம் சேரும். வழியில் மருதநிலத்து வைக்கோலும் கரும்புச் சோகையும் ஊர்க் கழிவுநீரும் அதனோடு கூடும். கொள்ளிடக் கழிமுகத்துக்கும் வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் இடையே பிச்சாவரத்து அலையாத்திக் காடு உள்ளது. அக்காட்டின் இலைகளும், கடலலை கொணரும் நுண்பாசிகளும் அங்குப் படியும். இங்ஙனம் குறிஞ்சி முதல் நெய்தல் ஈறாக நானிலத்துப் பொருளும் கலந்து, கழிமுகத்தில் ஒரே கருஞ்சேறாகக் கிடக்கும். உயிர்களின் உடலிலிருந்து வந்து மக்கிய இப்பொருளைக் கரிமப்பொருள் என்பர்.

இச்சேற்றில் மலையின் பங்கு எவ்வளவு? வயலின் பங்கு எவ்வளவு? கடலின் பங்கு எவ்வளவு? இதனை அறிவதால் பயன் யாதெனின், கூறுவோம். கழிமுகத்து இறாலும் நண்டும் மீன்குஞ்சும் இக்கரிமப்பொருளைச் சார்ந்து வாழ்கின்றன. நன்னிலம் எங்கே அரிக்கப்படுகின்றது, கழிவு எங்கிருந்து வருகின்றது என்பனவற்றை அறிந்தாலன்றி, அவற்றைத் தடுக்கவும் இயலாது.

கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் சேற்றைப் பிரித்தறிய அறிவியலார் முதலிற் கேட்கும் சான்று, கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதமாகும். கடல் நுண்பாசியில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு 4 முதல் 10 வரை கரிம அணுக்கள் இருக்கும். மரமும் புல்லும் தம்மை நிமிர்த்தி நிறுத்த நாரும் கட்டையும் வேண்டுவன. ஆதலின் அவற்றில் ஒரு நைட்ரஜன் அணுவுக்கு 20 அல்லது அதற்கு மேற்பட்ட கரிம அணுக்கள் உண்டு. ஆயினும் இச்சான்று முற்றும் நம்பத்தக்கதன்று. இலை மக்கும்போது அதன்மேற் படரும் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைக் கூட்டிவிடும்; களிமண்ணும் நைட்ரஜனைப் பற்றிக்கொள்ளும். அப்போது நிலத்துப் பொருளின் விகிதமும் தாழ்ந்துவிடும்.

இரண்டாம் சான்று கரிமத்தின் எடையைப் பற்றியது. இயற்கையில் நூறு கரிம அணுக்களில் ஏறத்தாழ 99 அணுக்கள் 12 என்னும் நிறையுடையவை. ஏறத்தாழ ஒன்று 13 என்னும் நிறையுடையது. இவற்றை ஐசோடோப்புகள் என்பர். மரங்களும் நெல்லும் பயறும் ஒளிச்சேர்க்கையின்போது கனத்த கரிமத்தைப் பெரிதும் விலக்குகின்றன. கரும்பும் சோளமும் கம்பும் வேறு முறையைக் கையாள்வதால் அத்துணை விலக்குவதில்லை. இம்முறையை 1966-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் கரும்பில் ஆராய்ந்து விளக்கினர். அமெரிக்காவின் தென் கரோலினாவிற் கிடைத்த தொல்லுயிர் ஓடு ஒன்றினை அளவுகோலாகக் கொண்டு அறிவியலார் ஒப்பிட்டனர். அதனினும் கனத்த கரிமத்தின் விகிதம் மரம், நெல் முதலியவற்றில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 27 குறைவு. கரும்பு இனத்தில் 13 குறைவு. கடல் நுண்பாசியில் 20 குறைவு.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. சோலை இலையும் கரும்புச் சோகையும் சமபங்கில் கலந்தால் யாது நேரும்? 27-ஐயும் 13-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 20 ஆகும். கடலிலிருந்து ஒரு துகளும் வாராதபோதும், அச்சேறு கடற்பாசியின் சேறுபோலவே தோன்றும்! இந்த ஒரு சான்றையே நம்புவோன் தவறான தீர்ப்பே கூறுவான்.

ஆதலின் வேறு சான்றுகளையும் வினவுதல் வேண்டும். மரத்தை வலுவாக்கும் லிக்னின் என்னும் பொருள் கடல் நுண்பாசியில் இல்லை. அது சேற்றில் மிக்கிருந்தால் நிலத்துச் செடிகளின் பங்கு புலனாகும். அலையாத்திக் காட்டுச் சுரபுன்னை இலைகளில் டாராக்செரால் என்னும் பொருள் மிகுதி. மனிதக் கழிவினை அதிலுள்ள கோப்ரோஸ்டனால் என்னும் பொருள் காட்டிக்கொடுக்கும். இவையெல்லாம் ஒன்றை ஒன்று தாங்கி நின்றாலன்றி முடிவு கூறலாகாது.

நிற்க. மலைமேலேயே இம்முறை பயன்பட்டதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நீலகிரிச் சதுப்புகளில் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிப் படிந்த கரிமண்ணை, இராமன் சுகுமார், ரமேஷ் முதலிய இந்திய அறிஞர் ஆராய்ந்து 1993-இல் தம் முடிபினை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகம் பனிமிகுந்திருந்த காலத்தில், அம்மலை வறண்டு, கரும்பின் முறையைக் கையாளும் புற்கள் ஓங்கியிருந்தன. பின்னர் ஈரம் மிகுந்தது என்பதை அம்மண்ணின் கரிமமே காட்டிற்று.

பழனிமலையும் இன்று விரைந்து மாறிவருகின்றது. 1973-க்கும் 2014-க்கும் இடையே, அங்குள்ள மலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, நடப்பட்ட மரத்தோப்புகளாலும் வேளாண்மையாலும் குறைந்துவிட்டதாக 2018-இல் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. ஆங்கிலேயர் ‘ஷோலா’ என எழுதியது நம் ‘சோலை’ என்னும் சொல்லையே. அச்சோலையும் புல்லும் அழிய நேர்ந்தால், மேல்மண் ஓடையில் இறங்கும். அதன் தடம் அணையின் அடியிலும் கழிமுகத்திலும் படிந்து நிற்கும்.

கழிமுகம் மாசுற்றபோது மலைநாட்டார் மருதநிலத்தாரைக் குறைகூறுதலும், மருதநிலத்தார் கடற்கரையாரைக் குறைகூறுதலும் எளிது. எய்தவன் இருக்க அம்பை நோவதாற் பயனில்லை. எய்தவன் யாரெனச் சேற்றையே முதலில் வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவும்போதும் ஒரு சான்றோடு அமையாது, பல சான்றுகளை ஒப்புநோக்கியே தீர்ப்புக் கூறுதல் அறிவுடையார் செயலாகும். மாணவர்களே, இந்நெறி சேற்றுக்கு மட்டுமன்று. நாம் கேட்கும் எல்லாச் செய்திக்கும் பொருந்துவதாம்.