ஜன்னல் திறந்துதானே கிடந்தது!

எனது வாப்பா ஒரு மேசன். சென்ற வருடம் பழைய மாடி வீடொன்றைத் திருத்தும் வேலைக்குப் போய்வந்தார். குளியலறையின் கொங்கிறீட் தரையை வெட்டிக் குழாய் பதிக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பெற்றோலில் ஓடும் கொங்கிறீட் வெட்டும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள்.

புதன்கிழமை மாலை தலையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "வெயில்தான்" என்றார். உம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை வாந்தியும் வந்தது. "பித்தம்" என்றார் உம்மா. அன்றிரவு மருந்து எடுக்கப் போன இடத்தில் விரலில் சிறு கருவியை மாட்டிப் பார்த்து, ஒட்சிசன் 98 வீதம், குறையொன்றுமில்லை என்றார்கள். வெள்ளிக்கிழமை வேலை இல்லை, தலையிடியும் இல்லை. சனிக்கிழமை வேலைக்குப் போனார். தலையிடி திரும்பி வந்தது. கூட வேலை செய்த பையனுக்கும் அதே தலையிடி.

நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன். கொளுத்தும் வெயிலில் கூரை வேலை செய்த நாட்களில் வராத தலையிடி, நிழலில் வேலை செய்யும்போது ஏன் வர வேண்டும்?

"உள்ளுக்கு என்ன மெஷின் வாப்பா ஓடுது?" என்று கேட்டேன். சொன்னார். "அந்தப் புகை?" என்றேன்.

"ஜன்னல் திறந்துதானே கிடந்த, மகள். முகத்துக்கு மாஸ்க்கும் போட்டுத்தான் வெட்டின."

இந்தப் பதிலில் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. இரண்டும் பிழையானவை. எம்மில் பலரது வாப்பாமாரும் நானாமாரும் இதையே நம்பி வேலை செய்வதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வாயு எங்கிருந்து வருகிறது?

பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், விறகு, கரி ஆகிய எல்லாவற்றிலும் காபன் உண்டு. அது முழுமையாக எரிந்தால் காபனீரொட்சைட்டு உண்டாகும். போதிய ஒட்சிசன் கிடைக்காமல் அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு உண்டாகும். சிறிய பெற்றோல் இயந்திரங்கள் இதனைப் பெருமளவில் வெளிவிடுகின்றன. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. பெற்றோல் மணம் வரவில்லையே என்று ஆறுதலடைய முடியாது. மணப்பது வேறு பொருள், கொல்வது வேறு பொருள்.

உடலில் என்ன செய்கிறது?

இரத்தத்தின் செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபின்தான் ஒட்சிசனைச் சுமந்து செல்கிறது. ஆனால் காபனோரொட்சைட்டு, ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் அதிகமான பலத்துடன் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பஸ்ஸில் ஆசனங்களை யாரோ பிடித்துக்கொண்டு இறங்காமல் இருப்பது போன்றது இது. பஸ் ஓடுகிறது, ஏற வேண்டியவருக்கு இடமில்லை. மூளையும் இதயமும் ஒட்சிசனின்றித் தவிக்கின்றன.

முதலில் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், களைப்பு. பின்னர் குழப்பம், மயக்கம், மரணம். ஆரம்ப அறிகுறிகள் வெயில், பசி, பித்தம், காய்ச்சல் போலவே இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். புத்தி தடுமாறிய பின் தனக்கு ஆபத்து என்பதே அவருக்கு விளங்காது. கால்களும் சொல் கேளாது.

விரலில் மாட்டும் கருவியும் ஏமாறும். காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினை, ஒட்சிசன் ஏறியதென்றே அது எண்ணிக் காட்டும். உண்மையை அறிய வைத்தியசாலையில் இதற்கென்றே உள்ள இரத்தப் பரிசோதனை வேண்டும்.

சாதாரண வளியைச் சுவாசிக்கும்போது, ஏறிய வாயுவில் பாதி நீங்கவே ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரமாகும். தூய ஒட்சிசன் கொடுத்தால் அது சுமார் ஒன்றரை மணி நேரமாகக் குறையும். இரவில் வாப்பாவுக்குச் சுகமானதும் காலையில் வேலைக்குப் போனபின் மீண்டும் வந்ததும் இதனால்தான் இருக்க வேண்டும்.

ஜன்னலும் மாஸ்க்கும்

அமெரிக்காவின் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1996இல் சிறிய பெற்றோல் இயந்திரங்கள் பற்றி ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. நிலக்கீழ் அறையொன்றில் பெற்றோல் கொங்கிறீட் வாளைப் பயன்படுத்திய குழாய் வேலையாள் ஒருவர் அதில் குறிப்பிடப்படுகிறார். கதவுகளும் ஜன்னல்களும் திறந்திருந்தன, மின்விசிறியும் சுழன்றது. எனினும் அவருக்குக் கடும் தலையிடியும் தலைச்சுற்றும் ஏற்பட்டன. மற்றவர்களை அர்த்தமின்றிச் சந்தேகிக்கவும் தொடங்கினார். இன்னொருவர் தமது பண்ணைக் கொட்டகையைப் பெற்றோலில் ஓடும் நீரழுத்த இயந்திரத்தால் கழுவியவர். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் வீழ்ந்து இறந்தார்.

ஜன்னலால் வெளியேறுவதை விட வேகமாக இயந்திரம் வாயுவை உண்டாக்குகிறது என்பதே காரணம். மாஸ்க் தூசியைத் தடுக்கும்; வாயுவைத் தடுக்காது. அந்நிறுவனத்தின் கணக்கின்படி, பத்து இலட்சம் பங்கு வளியில் இந்த வாயு 200 பங்கை எந்நேரமும் தாண்டக்கூடாது. 1200 பங்கு உடனடி உயிராபத்து.

நாம் செய்ய வேண்டியவை

1. பெற்றோல், டீசல் இயந்திரம் எதையும் அறைக்குள், நிலக்கீழ்த் தொட்டிக்குள், கிணற்றுக்குள் இயக்கக் கூடாது. மின்சாரத்தில் இயங்கும் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

2. ஜெனரேற்றரை வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தூரத்தில் வைக்க வேண்டும். விறாந்தை வெளியிடமல்ல.

3. ஒரே இடத்தில் வேலை செய்யும் இருவருக்குத் தலையிடி வந்தால், உடனே எல்லோரும் வெளியேற வேண்டும்.

4. கிணற்றுக்குள்ளோ தொட்டிக்குள்ளோ ஒருவர் மயங்கினால் பின்னால் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் மரணிப்பது இப்படித்தான். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைத்து, இயந்திரம் ஓடிய விபரத்தையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை இரவு

வாப்பா முதலில் இணங்கவில்லை. "வீட்டுக்காரர் அவசரப்படுறார். வேலை முடியாட்டி அடுத்த வேலைக்குப் போகேலாது, மகள்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. எங்கள் வீட்டு அரிசியும் எனது வகுப்புக் கட்டணமும் அந்தக் கூலியில்தான்.

நான் வாதாடவில்லை. அப்பியாசக் கொப்பியின் தாளொன்றில் இரண்டு நிரல்கள் வரைந்தேன். ஒன்றில் இயந்திரம் உள்ளே ஓடிய நாட்கள். மற்றதில் தலையிடி வந்த நாட்கள். இரண்டிலும் புதன், வியாழன், சனி. வாப்பா நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு அந்தப் பையனின் உம்மாவுக்குக் கோல் எடுத்து, அவனுக்கு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார்.

மறுநாள் இயந்திரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. முற்றத்தின் கோடியில் ஜெனரேற்றரை வைத்து, நீண்ட வயர் இழுத்து, மின்சார வெட்டும் கருவியால் வேலையை முடித்தார்கள். ஒன்றரை நாள் பிந்தியது. தலையிடி வரவில்லை.

இரத்தப் பரிசோதனை செய்யாததால், அது காபனோரொட்சைட்டுத்தான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துப் போகாதது எங்கள் பிழை.

சகோதரிகளே, இன்று மாலை உங்கள் வாப்பாவோ நானாவோ வேலையால் வந்து தலையிடிக்கிறது என்று சொன்னால், கொத்தமல்லியைக் கொடுக்க முன்னர் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு உள்ளுக்கு என்ன மெஷின் ஓடினது?"