நாலாவது தடவை பணம் கட்டாதே

மஞ்சக்குப்பம்

அன்புள்ள கயலுக்கு அத்தை எழுதுவது.

பதினெட்டாயிரம் கட்டி எடை குறைக்கும் புதுத் திட்டத்தில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். சேராதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால், “எனக்குத்தான் வாயைக் கட்டத் தெரியல அத்தை” என்று நீ ஆரம்பிப்பாய், நான் சமாதானம் சொல்லப் போவேன், பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால் எழுத உட்கார்ந்தேன். படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு. உன் மாமியார் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

கல்யாணத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் வயிற்றில் பெல்ட் கட்டி அதிரவிடும் சென்டர். குழந்தை பிறந்த பிறகு சிதம்பரத்தில் அந்த மாடி அறை கிளப், காலையும் இரவும் ஷேக். போன வருஷம் செல்போன் ஆப்பில், சோறு, இட்லியை நிறுத்தச் சொல்லும் கீட்டோ டயட். மூன்றிலும் எடை இறங்கியது, மூன்றிலும் ஏறியது, இப்போது ஆரம்பித்த இடத்தைவிட நாலு கிலோ கூடுதலாக நிற்கிறாய். திட்டம்தான் மாறியது, ஆள் நான் ஒருத்திதானே, அப்படியானால் குற்றம் என்மேல்தானே என்பது உன் கணக்கு.

சரி, உன்னைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஊரைப் பார்ப்போம். மத்திய அரசு நடத்தும் தேசியக் குடும்பநல ஆய்வில் 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் எடை கூடியவர்கள். 2019-21-ல் எடுத்தபோது அது 40. ஆண்களும் 28-லிருந்து 37-க்கு ஏறிவிட்டார்கள். இந்த நாலைந்து வருஷத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மனக்கட்டுப்பாடு கெட்டுப்போனதா? வேலை நாற்காலிக்கு வந்துவிட்டது, தெருமுனைக்குப் போகவும் ஸ்கூட்டி, ராத்திரி பதினொன்றுக்கும் பரோட்டா கிடைக்கிறது, தூக்கம் செல்போனோடு போகிறது. நான் கிராம நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எடை குறைந்த குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போவோம். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு அதே மாதிரி வீடுகளுக்கு என் பின்னால் வந்த பெண்கள் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இது உன் ஒருத்தியின் நாக்கு செய்த வேலை இல்லை.

அந்தக் கிளப்புக்கு உன்னோடு நானும் ஒரு தடவை வந்தேனே, நினைவிருக்கிறதா? வெறுங்காலோடு ஏறி நின்று, கைப்பிடியை நீட்டிப் பிடிக்கும் மிஷின். அந்தப் பெண் எண்களை ஒரு அட்டையில் எழுதிவிட்டு, “உங்களுக்கு வயசு முப்பத்து மூணு, உங்க பாடி ஏஜ் நாப்பத்தெட்டு மேடம்” என்றாள். உன் முகம் சுண்டிப்போனது. கயலு, நான் வேலை பார்த்த காலமெல்லாம் எடை போட்டவள். அந்த மிஷின் கொழுப்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. உடம்புக்குள் லேசாக மின்சாரம் விட்டு, அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒரு எண் வரும், வியர்க்க நடந்துவிட்டு வந்தால் வேறொன்று, மாதவிலக்கு நேரத்தில் இன்னொன்று. பாடி ஏஜ் என்பது மிஷின் செய்த கம்பெனிக்காரன் போட்ட சூத்திரம். எந்த டாக்டரும் அதைப் பார்த்து மருந்து எழுத மாட்டார். சேரும் நாளில் உன்னைப் பயமுறுத்த அது போதும், அவ்வளவுதான்.

கீட்டோவில் முதல் வாரம் மூன்று கிலோ குறைந்ததே, அதுவும் அப்படித்தான். சோறு, இட்லியை நிறுத்தியதும் உடம்பு முதலில் எடுப்பது ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை. அதில் ஒரு கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவுச்சத்து கரையும்போது தண்ணீரும் வெளியேறிவிடும். கொழுப்பு அப்போதுதான் லேசாக அசையத் தொடங்கியிருக்கும். ஆனால் அந்த ஆப் குரூப்பில் எல்லாரும் கைதட்டினார்கள். பொங்கலுக்கு ஒரு நாள் சாப்பிட்டதும் ஒன்றரை கிலோ ஏறியதென்று அழுதாய். அதுவும் பெரும்பாலும் தண்ணீர்தான். குறைந்ததற்கு அவர்கள் மார்தட்டினார்கள், ஏறியதற்கு நீ அழுதாய்.

இனி பசி. 1944 நவம்பரில், உலகப்போர் நடக்கும்போது, அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கினார். போருக்குப் போக மனச்சாட்சி ஒப்பாமல் மாற்றுப்பணிக்கு வந்த ஆரோக்கியமான பையன்கள். பஞ்சத்தில் அடிபட்டவர்களை எப்படித் தேற்றுவது என்று கண்டுபிடிக்க, அவர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார்கள். நாளைக்குச் சுமார் 1,570 கலோரி, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. உடம்பில் கால் பங்கு கரைந்தது. அதைவிடப் பெரிய விஷயம் மனசுக்கு நடந்தது. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள். எரிச்சல், சோர்வு, கனவிலும் சாப்பாடு. பட்டினி முடிந்து வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்த பிறகும் பசி அடங்கவில்லை. எடை திரும்பியபோது கொழுப்பு முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகத் திரும்பியது.

அவர்கள் ஆண்கள், உன்னைவிட உயரம், நடையும் அதிகம்; அப்படியே உன்னோடு வைத்துப் பார்க்க முடியாதுதான். ஆனாலும் உனக்கு அந்த ஆப்பில் போட்டுக் கொடுத்தது நாளைக்கு ஆயிரம் கலோரி. ராத்திரி பன்னிரண்டு மணிக்குச் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டு கிடந்ததாகச் சொன்னாயே, அதைக் கேட்டதும் எனக்கு இந்தப் பையன்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். பஞ்சம் பார்த்த வீட்டுக்காரி, அடுத்த மழைக்கு நெல் வந்ததும் முதலில் குதிரைத்தானே நிரப்புவாள்? உடம்பும் அதையே செய்கிறது. நம் மாவட்டத்தில் வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. பசியை எல்லாவற்றுக்கும் முந்திய துன்பமாகப் பார்த்த மனுஷர் அவர். அந்த ஊரிலிருந்து நாலு ஊர் தாண்டி, பணம் கொடுத்துப் பசியை வாங்குகிறோம்.

இது பழைய கதை என்று தள்ளிவிடாதே. 2011-ல் மெல்பர்னில், பத்து வாரம் கடுமையான டயட் இருந்தவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பசியைக் கிளப்பும் ஹார்மோன் அப்போதும் தணியவில்லை. 2016-ல், அமெரிக்க டிவியில் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்த முடிவு வந்தது. ஒருவர் தவிர எல்லாருக்கும் எடை ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிப்பது, இருக்க வேண்டியதைவிட நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்திருந்தது. ஆறு வருஷம் கழித்தும்! டிவி, பயிற்சியாளர், பரிசுப் பணம் எல்லாம் இருந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், பத்தாம் வகுப்புப் பேப்பர் திருத்திக்கொண்டு, பிள்ளைக்கு டிபன் கட்டிக்கொண்டு இருக்கும் நீ என்ன செய்வாய்?

இதெல்லாம் அந்தக் கம்பெனிகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? போன ஆள் திரும்பி வருவதால்தான் கடை நடக்கிறது. எல்லாரும் ஒரே தடவையில் மெலிந்து அப்படியே இருந்துவிட்டால் இரண்டாவது ரசீது யாருக்குக் கிழிப்பார்கள்? எடை குறைந்தால் திட்டத்துக்குப் பெயர், ஏறினால் உனக்குப் பழி. இப்படி ஒரு வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நியூயார்க்கில் ஜீன் நைடெட்ச் என்ற குடும்பத்தலைவி தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கி, 1963-ல் எடை குறைக்கும் கம்பெனியாக மாறிய வெயிட் வாட்சர்ஸ் உலகமெல்லாம் பரவியது. 2025 மே மாதம் கடன் தாங்காமல் திவால் மனு போட்டது. எடை குறைக்கும் ஊசி வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அந்த ஊசியையும் சொல்லிவிடுகிறேன், நீ எப்படியும் கேட்பாய். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் விகோவி ஜூனிலும் நம் நாட்டுக்கு வந்தன. வாரம் ஒரு ஊசி. வேலை செய்கிறது, பொய்யில்லை. பசியையே அது தணிக்கிறது. ஆனால் நிறுத்தினால் ஒரு வருஷத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது என்று விகோவி மருந்தை வைத்துச் செய்த ஆய்விலேயே வந்திருக்கிறது. அதனால் பிரஷர் மாத்திரை போல நெடுநாள் மருந்தாக நினைத்துத்தான் அதில் இறங்க வேண்டும். உனக்கு அது தேவையா என்பதைச் சர்க்கரை, ஹார்மோன் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். பியூட்டி பார்லரில் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதே.

பின்னே என்னதான் செய்வது? இந்தக் கடிதத்தில் நீ ஒன்றை மட்டும் மனசில் வைத்தால் போதும் என்றால், சென்னையில் நடந்த இந்த ஆய்வைத்தான் சொல்வேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் செய்தது, 2006-ல் வெளிவந்தது. சர்க்கரை வரும் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தினமும் நடந்து, சர்க்கரையும் எண்ணெயும் மாவும் குறைத்தவர்களில் 39 பேருக்கு. எடை எவ்வளவு குறைந்தது என்று கேள். சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை! தராசு முள் அசையாமலே உடம்பு தேறியிருக்கிறது. நம் மாதிரி இட்லியும் சாம்பாரும் சாப்பிடும் ஜனங்கள்தான் கயலு, அமெரிக்காக்காரர்கள் இல்லை. இங்கே மைதானத்தில் விடியற்காலையில் நடக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தொப்பை அப்படியேதான் இருக்கிறது. நடந்து என்ன பிரயோசனம் என்று பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அதனால் குளியலறையில் இருக்கும் எடை மிஷினைப் பரணில் ஏற்று. தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் ஒன்று வாங்கு. தொப்புள் மட்டத்தில் இறுக்காமல் சுற்றி மாதம் ஒரு தடவை அளந்தால் போதும். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது முப்பத்தொன்றரை அங்குலத்துக்குள், இருப்பது நல்லது என்கிறார்கள். உனக்கு உடனே வராது. ஏறாமல் நின்றாலே எனக்குச் சந்தோஷம். அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சீட்டுப் போட்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டு, பிரஷர் எல்லாம் பார்த்துவிடு. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறதென்று சொன்னாய், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல். ராத்திரி பெரிதாகக் குறட்டை விடுகிறாய் என்று மாப்பிள்ளை கேலி செய்கிறாரே, அதையும் சொல். மூன்று திட்டத்துக்குப் பணம் கட்டினாய், இந்த ரத்தப் பரிசோதனையை ஒருத்தரும் உனக்கு எழுதிக் கொடுக்கவில்லை பார்.

தனிச்சமையல் வேண்டாம். வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதையே தட்டில் வேறு மாதிரி வை. பொரியலையும் குழம்பில் இருக்கும் மீனையும் முதலில் போடு, மிச்ச இடத்தில் சோறு. உங்கள் ஊர் மார்க்கெட்டில் மத்தியும் சங்கராவும் கிடைக்கும்போது நீ எதற்கு டப்பாவில் புரோட்டீன் தேட வேண்டும்? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வரும் பசிக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ வைத்துக்கொள். அந்த நேரத்தைப் பட்டினியாகக் கடந்தால்தான் ராத்திரி மிக்சர் டப்பா காலியாகிறது. பொங்கலுக்குப் பொங்கல் சாப்பிடு, கோயிலில் சம்பா சாதமும் கொத்சும் கொடுத்தால் வாங்கிக்கொள். சிதம்பரத்தில் கீழவீதியில் தொடங்கிக் கோயிலைச் சுற்றி நாலு வீதியும் ஒரு சுற்று நட. ஸ்கூட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போ. துணைக்கு மாப்பிள்ளை வரட்டும், அவருக்கும் தேவைதான். ஒரு வாரம் விட்டுப்போனால் அடுத்த வாரம் மறுபடி தொடங்கு. இதற்கு யாரும் ரசீது போட மாட்டார்கள், குரூப்பில் கைதட்டலும் வராது.

கடைசியாக உன் சிநேகிதி. திட்டத்தில் சேர்த்துவிட வற்புறுத்துவது உன் கூட வேலை பார்க்கிறவள் என்பதுதான் உனக்குச் சங்கடம். அவளோடு சண்டை வேண்டாம். இந்த மாதிரி கோச்சுகள் பலபேர் முதலில் வாடிக்கையாளராகப் போனவர்கள்தான். கைக்காசு போட்டுச் சரக்கு எடுத்து, அதை விற்றுத் தீர்க்க ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். “டாக்டர்கிட்ட காட்டியிருக்கேன், அவர் சொல்றபடிதான் செய்யணும்” என்று சொல்லிவிடு, அதற்குமேல் பேசமாட்டாள். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை எடுத்து வை. திருப்பித் தரமாட்டோம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய், என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன். அந்த மாடி அறைச் சுவரில் நீ ஒல்லியாக நிற்கும் படம் இன்னும் மாட்டியிருக்கிறதாமே, கீழே உன் பெயரோடு. எடை திரும்பி ஒன்றரை வருஷம் ஆகிறது, அதைப் பார்த்து இன்னும் ஆட்கள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமை போய் அதைக் கழற்றித் தரச் சொல். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் சொல், காலை பஸ்ஸில் நான் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அத்தை