நம்ம குடும்ப மரம்: இணையத்துல எங்கிருந்து தேடத் தொடங்குவது?



ஒரு சின்னக் கேள்வி. உங்க தாத்தாவோட அப்பா பேரு தெரியுமா? கொஞ்சம் யோசிச்சா சொல்லிடுவீங்க. சரி, தாத்தாவோட அம்மா பேரு? இங்கதான் பலரும் நின்னுடுவோம். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

முன்னோரைத் தேடுவதில் உலகத்திலேயே அதிக ஆர்வம் காட்டுபவர்களில் அயர்லாந்து வம்சாவளியினரும் உண்டு. 1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறிப் போனார்கள். அவர்களுடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகள் இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உட்கார்ந்து இணையத்தில் தேடுகிறார்கள். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத் தாள்களை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகவே வலைதளத்தில் வைத்திருக்கிறது. ஆனாலும் வெறும் பேரை மட்டும் வைத்துத் தேடினால் ஒன்றும் நடக்காது. மர்ஃபி என்று தட்டினால் ஆயிரக்கணக்கான மர்ஃபிகள் வந்து நிற்பார்கள். "முதல்ல ஊரைக் கண்டுபிடி, அப்புறம் ஆளைத் தேடு" என்பதுதான் அங்கே முதல் பாடம்.

நமக்கும் அதே பாடம்தான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பைவிட 1881-ல் ஜில்லாவின் மக்கள்தொகையே குறைந்துபோனது. நம்ம ஊர்க்காரர்களும் பிழைப்புக்காகக் கடல் தாண்டினார்கள். ஆனால் நம் நாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டு வாரியான தாள்களை வெளியிடுவது இல்லை. அதனால நாம வேற வழியில போகணும். நான் செய்து பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: கம்ப்யூட்டரைத் தொடாதீங்க

முதல்ல ஒரு நோட்டு, ஒரு பேனா. வீட்டிலேயே வயதில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்க. பேரு, பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர், குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர், இந்த நான்கையும் கேளுங்க. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. பட்டா, கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாமே ஆதாரம். மொய் நோட்டை விட்டுடாதீங்க! பங்காளி யாரு, மாமன் மச்சான் யாரு, எந்த ஊர் என்று வரிசையாக அதில் இருக்கும்.

படி 2: வருஷத்தைக் கணக்குப் போடுங்க

பெரியவங்க "நான் தாது வருஷத்துல பொறந்தேன்"னு சொல்வாங்க. தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876-77, 1936-37, 1996-97 மூன்றுமே பொருந்தும். 1936-ல் பிறந்தவருக்கு 1964-ல் மகன் பிறந்திருக்கலாம், 1876-ல் பிறந்தவருக்கு வாய்ப்பில்லை. இப்படிக் கழித்துப் பார்த்து முடிவு செய்யணும்.

படி 3: ஊருக்கு அன்று என்ன முகவரி?

நம்ம தருமபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2-ல். அதற்கு முன் நாம் சேலம் மாவட்டம். 2004 பிப்ரவரி 9 வரை கிருஷ்ணகிரியும் நம்மோடு இருந்தது. ஆகவே 1950-ல் எழுதிய பத்திரத்தில் தருமபுரி மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது, சேலம் ஜில்லா என்றுதான் இருக்கும். வட்டமும் அப்படியே. இன்றைய நல்லம்பள்ளி வட்டம் முன்பு தருமபுரி வட்டத்திலும், காரிமங்கலம் வட்டம் பாலக்கோடு வட்டத்திலும் இருந்தவை. ஊர் பேருக்குப் பக்கத்தில் பழைய ஜில்லா, பழைய வட்டம் இரண்டையும் எழுதி வச்சுக்குங்க.

படி 4: இப்போ இணையம்

அரசு வலைதளங்களில் மூன்று நமக்கு உதவும். முதலாவது, பட்டா, சிட்டா பார்க்கும் தளம். கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் நில உரிமையாளர் பெயரோடு தந்தை அல்லது கணவர் பெயரும் வரும். இரண்டாவது, பதிவுத்துறையின் வில்லங்கச் சான்று. யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், எந்த ஆண்டு என்று காட்டும். பாகப்பிரிவினை நடந்திருந்தால் அண்ணன் தம்பி பேரெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மூன்றாவது, பழைய வாக்காளர் பட்டியல். 2025-ல் தொடங்கிய சிறப்பு தீவிரத் திருத்தத்துக்காக, 2002, 2005 பட்டியல்களை இணையத்தில் போட்டார்கள். அதில் வீட்டு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் உண்டு. இதிலும் அன்றைய முகவரிதான். அப்போது மொரப்பூர் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, 2008 மறுசீரமைப்பில் அது போய் பாப்பிரெட்டிப்பட்டி வந்தது.

எங்க அம்மாவோட ஆயாவை வீட்டில் எல்லாருமே "பெரியாயா"ன்னுதான் சொல்வாங்க. சொந்தப் பேரு யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துட்டாங்க. நிலம் அவங்க பேரில் இல்லை, அதனால் பட்டாவிலும் பத்திரத்திலும் இல்லை. 2002 பட்டியலில் எங்க தெருவை வரி வரியாகப் படித்தேன். கொள்ளுத் தாத்தா பேருக்கு நேராக, "கணவர்" என்ற குறிப்போடு, 81 வயது என்று அவங்க இருந்தாங்க. 81 வருஷம் வாழ்ந்தவங்களுக்கு எங்க வீட்டில் மிச்சமிருந்த ஒரே எழுத்து அந்த ஒரு வரி. அம்மா அந்தப் பேரை இரண்டு தடவை வாய்விட்டுப் படிச்சாங்க.

நம்ம வம்ச மரங்களில் ஆண் பேருதான் இனிஷியலாக ஏறி வருகிறது. பெண்கள் பேரு இரண்டு தலைமுறையில் உதிர்ந்துவிடுகிறது. அதனால தேடும்போது பெண்கள் பேரை முதல்ல எழுதுங்க. ஆண்கள் பேரு தானாக வந்துவிடும்.

படி 5: கடல் தாண்டியவர்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக. அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்று இணையத்தில் இருக்கின்றன. பேரு, தகப்பன் பேரு, வயது, ஊர், வட்டம், ஜில்லா, உடலில் உள்ள அடையாளம் வரைக்கும் எழுதியிருக்காங்க. மொரீஷியஸ் பதிவேடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே பேரை நாலைந்து எழுத்துக்கூட்டலில் தட்டிப் பார்க்கணும்.

இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இப்படிப் பட்டியல் கிடைப்பது அரிது. ஆனால் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பி வந்த குடும்பங்களிடம் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கலாம். கேட்டுப் பாருங்க.

மூன்று எச்சரிக்கை

1. பேரு ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று நம்பாதீங்க. தாத்தா பேரை பேரனுக்கு வைக்கும் ஊர் நம்முடையது. பேரு, ஊர், உறவினர் பேரு மூன்றும் ஒத்துப்போகணும்.
2. உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, போன் நம்பர், ஆதார் எதையும் இணையத்தில் ஏற்றாதீங்க. அயர்லாந்தில்கூட கணக்கெடுப்புத் தாள்களை நூறு வருஷம் பூட்டி வைக்கிறதுதான் இன்றைய சட்டம்.
3. பழைய ஆவணங்களில் சாதியும் எழுதியிருக்கும். நாம தேடுவது மனுஷங்களை. பெருமையடிக்கவோ அடுத்தவங்களைத் தாழ்த்தவோ அல்ல.

இந்த வாரப் பயிற்சி: ஒரு முழுத்தாளில் உங்க பேரைக் கீழே எழுதி, மேலே அப்பா, அம்மா, நான்கு தாத்தா ஆயா, எட்டு கொள்ளுத் தாத்தா கொள்ளுப்பாட்டி என்று 14 கட்டம் போடுங்க. காலியாக இருக்கும் கட்டங்களை எண்ணுங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமையே பெரியவங்க பக்கத்துல போய் உட்காருங்க. வலைதளம் அடுத்த வருஷமும் இருக்கும், அவங்க சொல்ற பேருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.